மூன்று மணிக்குள் ஒரு சமாதானம்

2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரை மணிக்குத் தமிழ்நாடு முழுக்க மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களில் கவுன்சிலர்கள் கூடினார்கள். மேயரையும் தலைவர்களையும் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் அது. மக்கள் ஓட்டுப் போட்டது பிப்ரவரி 19, எண்ணியது 22. இப்போது ஓட்டுப் போடப்போவது அப்படி ஜெயித்து வந்த கவுன்சிலர்கள் மட்டும்.

சிதம்பரத்தை ஒட்டிய எங்கள் அண்ணாமலை நகரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இரண்டு ஊர்களில் அன்று நடந்ததைப் பார்ப்போம். நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவியைத் திமுக தலைமை, கூட்டணிக் கட்சியான விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கியிருந்தது. திமுகவைச் சேர்ந்தவரே எதிர்த்து நின்று ஜெயித்தார். கடலூர் அப்போதுதான் மாநகராட்சி ஆகியிருந்தது. முதல் மேயர் பதவி பெண்களுக்கு. திமுக அறிவித்த பெயர் சுந்தரி ராஜா. அதே கட்சியின் இன்னொரு பெண் கவுன்சிலரும் போட்டிக்கு வந்தார். கவுன்சிலர்களை விடுதியில் தங்க வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் செய்தி ஓடியது. ஓட்டெடுப்பு வரை போய்த்தான் சுந்தரி ராஜா மேயரானார். கட்சியின் கடலூர் எம்.எல்.ஏ. ஐயப்பன், கட்டுப்பாட்டை மீறியதாகச் சொல்லித் தற்காலிகமாக நீக்கப்பட்டார்.

மாநிலத்தின் வேறு பல ஊர்களிலும் இதே கதை. அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் விட்ட அறிக்கையில் வழக்கமான கண்டனத் தொனி இல்லை. கூட்டணிக் கட்சிகளின் முன்னால் குற்ற உணர்வோடு நிற்பதாகச் சொன்னார். தோழமைக் கட்சிக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்தவர்கள் உடனே பதவி விலகிவிட்டு வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்றார். சிலர் விலகினார்கள். சிலர் விலகவில்லை.

பேப்பர் படித்தவர்கள் எல்லாருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான். இவ்வளவு பெரிய கட்சி, ஆளுங்கட்சி, மாவட்டத்துக்கு மாவட்டம் அமைச்சர், ஒன்றியத்துக்கு ஒன்றியம் செயலாளர். எதிர்த்து நிற்கிறவரை உட்கார வைத்துப் பேசி வாபஸ் வாங்க வைக்க முடியாதா?

முடியும். நம் ஊர்க் கட்சிகள் காலம்காலமாகச் செய்துவரும் வேலைதான் அது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். மார்ச் 4ஆம் தேதி இல்லாமல் போனது அந்த நேரம்தான்.

சட்டமன்றத் தேர்தலையோ நாடாளுமன்றத் தேர்தலையோ எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கை வந்த நாளிலிருந்து ஏழாவது நாள் மனு கொடுக்கக் கடைசி. மறுநாள் பரிசீலனை. அதற்கு இரண்டாம் நாள், மாலை மூன்று மணி வரை வாபஸ் வாங்கலாம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு மார்ச் 20 அறிவிக்கை, 27 மனுவுக்குக் கடைசி, 28 பரிசீலனை, 30 வாபஸ். ஆக, தனக்கு சீட் இல்லை என்று தெரிந்து கோபத்தில் மனு போட்டவருக்குக்கூட ஆற அமர யோசிக்க மூன்று நாள் கிடைக்கிறது. அவரைத் தேடிப் போகிறவர்களுக்கும் அதே மூன்று நாள். சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதிக்கு மனு வாங்கும் இடம் அரியலூர் கலெக்டர் அலுவலகம். வாபஸ் நாளன்று அந்த மாதிரி அலுவலக வாசலில் நின்று பார்த்தால், பகல் ஒரு மணிக்கு மேல் கார்கள் வரும். பின் சீட்டில் நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், இரண்டு பக்கமும் இரண்டு பேர். நடுவில் இருப்பவர்தான் வாபஸ் வாங்க வந்தவர் என்று பழகிய நிருபர்கள் சொல்லிவிடுவார்கள்.

மறைமுகத் தேர்தலில் அந்த இடைவெளி கிடையாது. மனு கொடுப்பது, பார்ப்பது, ஓட்டுப் போடுவது, எண்ணுவது எல்லாம் ஒரே கூட்டத்தில் முடிந்துவிடும். 2022இல் கட்சித் தலைமை பெயர்ப் பட்டியலை வெளியிட்டது மார்ச் 3ஆம் தேதி. அதாவது முந்தின நாள். தனக்குத்தான் என்று பத்து நாளாக நம்பியிருந்தவர், இல்லை என்று தெரிந்த இரவு தூங்கினாரோ இல்லையோ, விடிந்தால் தேர்தல். இதற்கு மேல் இரண்டு வசதி அவருக்கு உண்டு. ஓட்டு ரகசிய ஓட்டு. கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்லும் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான் பொருந்தும். கவுன்சிலர் கட்சி சொன்னதைக் கேட்காவிட்டால் கட்சிப் பொறுப்பு போகலாம், கவுன்சிலர் பதவி போகாது.

கடைசி நாள் வரை பட்டியலைக் கையில் வைத்திருப்பது தலைமைகளின் பழைய வழக்கம். முன்னாலேயே சொன்னால் அதிருப்தியாளர்கள் ஆள் சேர்த்துவிடுவார்கள் என்ற கணக்கு. சட்டமன்றத் தேர்தலில் அந்தக் கணக்கு ஓரளவு சரி, பின்னால் வாபஸ் நாள் இருக்கிறது. மறைமுகத் தேர்தலில் அதே கணக்கைப் போட்டது தப்பு என்பது என் எண்ணம்.

இப்போது அடிப்படைக்கு வருவோம். கட்சிக்குள் போட்டி என்பது இரண்டு கட்டம். முதல் கட்டம் விருப்ப மனு. கட்சி அலுவலகத்தில் பணம் கட்டி மனு வாங்கி, பூர்த்தி செய்து, நேர்காணலுக்குப் போய் வருவது. இதற்குச் சட்டத்தில் எந்த இடமும் இல்லை. அது கட்சியின் வீட்டு விவகாரம். இந்தக் கட்டத்தில் ஒருவரை விலகச் சொல்ல ஒரு போன் போதும்; வெளியில் யாருக்கும் தெரியாது, அதனால் அவருக்கு அவமானமும் இல்லை. இரண்டாம் கட்டம் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்கும் வேட்புமனு. இங்கேதான் ஏ படிவமும் பி படிவமும் வருகின்றன. யார் கையெழுத்துப் போட்டுக் கட்சி வேட்பாளரை அறிவிக்கலாம் என்பதை ஏ படிவம் சொல்லும். அந்த வேட்பாளர் யார் என்பதைப் பி படிவம் சொல்லும். மனு கொடுக்கக் கடைசி நாள் மாலை மூன்று மணிக்குள் இரண்டும் அதிகாரி கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவரைக்கும் பெயரை மாற்றலாம். ‘கடைசி நிமிஷத்தில் வேட்பாளர் மாற்றம்’ என்று தலைப்புச் செய்தி வருவதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

பி படிவம் இல்லாதவரும் மனு கொடுக்கலாம், சுயேச்சையாக. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். மற்றவர்களுக்குப் பத்து வாக்காளர்கள் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருவர் நிஜமாகவே எதிர்த்து நிற்கப் போகிறாரா, மிரட்டிப் பார்க்கிறாரா என்பதை அவர் மனுவில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். பத்துப் பேரை அழைத்துக்கொண்டு வந்தவர் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் போக வேண்டும். ஒரே கையெழுத்தோடு வந்து, பி படிவமும் இல்லாதவரின் மனு பரிசீலனையில் தானாகவே விழுந்துவிடும்.

ஒரு சுயேச்சைக்காக இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் தொகுதியின் 2019 கணக்கே பதில். சிதம்பரத்தில் விடுதலைச் சிறுத்தைகளின் திருமாவளவன் பெற்றது 5,00,229. அதிமுகவின் சந்திரசேகர் பெற்றது 4,97,010. வித்தியாசம் 3,219. நள்ளிரவு தாண்டியும் தொகுதி முழுக்க விழித்திருந்த எண்ணிக்கை அது. அதே தேர்தலில் அதிமுகவிலிருந்து பிரிந்த அமமுகவின் வேட்பாளர் 60,000 ஓட்டுக்கு மேல் வாங்கினார். அந்த ஓட்டெல்லாம் அப்படியே இரட்டை இலைக்கு விழுந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. இருபதில் ஒன்று விழுந்திருந்தாலும் இடைவெளி ஏறக்குறைய அடைபட்டிருக்கும் என்பதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்சண்டையைத் தீர்க்காத கட்சி எந்த விலை கொடுக்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை.

சரி, எப்படிப் பேசுகிறார்கள்?

முதலில், யார் போவது. சீட் வாங்கியவர் போகக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்தாலே எரியும் நேரம் அது. மாவட்டச் செயலாளரும் பெரும்பாலும் பயன்படமாட்டார், சீட்டைத் தட்டிவிட்டதே அவர்தான் என்று எதிராளி நம்பிக்கொண்டிருப்பார். எதிராளியைக் கட்சிக்குக் கொண்டுவந்த மூத்தவர், அவர் மறுத்துப் பேச முடியாத உறவுக்காரர், சில சமயம் மனைவி வீட்டுப் பெரியவர். இப்படி ஒருவர் வேண்டும். கட்சி அலுவலகத்துக்கு வரச் சொல்வதும் சரிப்படாது. அவர் வீட்டுக்குப் போக வேண்டும். போகிறவர்கள் சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இலை போட்ட வீட்டில் சண்டை குறையும்.

அடுத்து, என்ன பேசுவது. வெளியில் இருந்து பார்ப்பவர்கள் இதைப் பேரம் என்று மட்டும் நினைக்கிறார்கள். பேரம் உண்டு, ஆனால் எதிராளியின் மனத்தில் முதலில் ஓடுவது வேறு. ‘நாளைக்கு என் ஆளுங்க முன்னாடி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிற்பேன்?’ அவரை நம்பி நாற்பது பையன்கள் சுவருக்கு வெள்ளை அடித்திருப்பார்கள். ‘அண்ணன்தான் வேட்பாளர்’ என்று தெருத் தெருவாகச் சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் திரும்பிப் போய்ச் சொல்ல அவருக்கு ஒரு வாக்கியம் வேண்டும். ‘தலைவரே கூப்பிட்டுப் பேசினார்’ என்பது அப்படி ஒரு வாக்கியம். அதனால்தான் சமாதானம் பேசப் போகிறவர்கள் கடைசியில் போனை எடுத்துச் சென்னைக்குப் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷப் பேச்சில் எதுவும் தரப்படுவதில்லை. ஆனால் வீட்டுக்கு வெளியே நிற்கும் நாற்பது பேருக்கும் அது போதும்.

மிரட்டலும் நடக்கிறது. அதை இங்கே முறையாகச் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. ஒன்று மட்டும். மிரட்டி வாபஸ் வாங்க வைத்தவர் தேர்தல் முடியும்வரை எதிர்த்தரப்புக்கு ரகசியமாக வேலை செய்வார். களத்தில் எதிரே நின்றிருந்தால் அவர் எத்தனை ஓட்டுப் பிரிப்பார் என்றாவது தெரிந்திருக்கும்.

எப்படிப் பேசக் கூடாது என்பதற்குப் பெரிய உதாரணம் 1939 காங்கிரஸ் தலைவர் தேர்தல். சுபாஷ் சந்திரபோஸ் இரண்டாம் முறை நின்றார். மௌலானா ஆசாத் ஒதுங்கிக்கொள்ள, காந்தியின் ஆதரவோடு பட்டாபி சீதாராமையா எதிரே நின்றார். போஸை விலக வைக்க வேண்டும். பட்டேல் உள்ளிட்ட செயற்குழு உறுப்பினர்கள் சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டாபிக்கு வழிவிடும்படி கேட்டுப் பத்திரிகைகளுக்குக் கூட்டறிக்கை கொடுத்தார்கள். ஊரறியக் கேட்டுவிட்ட பிறகு விலகினால் பயந்து விலகியதாக ஆகிவிடும். போஸ் மறுத்தார், 1,580க்கு 1,377 என்று ஜெயித்தார். பட்டாபியின் தோல்வி தன் தோல்வி என்று காந்தி சொன்னார். வேலை செய்ய விடாமல் நெருக்கப்பட்ட போஸ் ஏப்ரலில் ராஜினாமா செய்தார். அறைக்குள் பேச வேண்டியதை அச்சில் பேசியதால் இரண்டு பக்கத்துக்கும் பின்வாங்க வழி இல்லாமல் போனது.

இதற்கு நேர்மாறாக வேலை செய்தவர் காமராஜர். 1954இல் ராஜாஜி விலகியதும் சென்னை மாநிலக் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்கு அவரே போட்டியாளர். எதிரே சி.சுப்பிரமணியம். யாரும் விலகவில்லை, ஓட்டெடுப்பு நடந்தது, காமராஜருக்கு 93, சி.எஸ்.ஸுக்கு 41. ஜெயித்தவர் அமைத்த எட்டுப் பேர் மந்திரிசபையில் சி.எஸ். இருந்தார், அவரை ஆதரித்த பக்தவத்சலமும் இருந்தார். வாபஸ் வாங்க வைக்காமலே சமாதானம் செய்யலாம் என்பதற்கு இது சாட்சி.

பத்து வருஷம் கழித்து டெல்லியில் அவர் வேலை கஷ்டமானது. அங்கே அவர் விலக வைக்க வேண்டியிருந்தவர் மொரார்ஜி தேசாய். 1964 மே 27இல் நேரு இறந்தார். அடுத்த பிரதமர் யார் என்று கேட்டு, கட்சித் தலைவரான காமராஜர் எம்.பி.க்களை, முதலமைச்சர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மெஜாரிட்டி சாஸ்திரி பக்கம் என்று ஆனதும் மொரார்ஜி போட்டிக்கு வரவில்லை. ஜூன் 2இல் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். அந்த மந்திரிசபையில் மொரார்ஜி இல்லை. 1966 ஜனவரியில் சாஸ்திரி மறைந்தபோது மொரார்ஜி விலக மறுத்துவிட்டார். ஓட்டெடுப்பில் இந்திராவுக்கு 355, அவருக்கு 169. தோற்றார், ஆனால் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிக் காட்டிவிட்டார். 1967 தேர்தலில் காங்கிரஸ் 283 இடங்களுக்கு இறங்கியது. காமராஜரே விருதுநகரில் தோற்றிருந்தார். இப்போது ஓட்டெடுப்பு என்றால் கட்சியே உடையலாம். பேச்சுவார்த்தை நடந்தது. மொரார்ஜி விலகினார். துணைப் பிரதமர் பதவியும் நிதித் துறையும் அவருக்கு வந்தன.

அதே மனிதர், மூன்று ஆண்டில் மூன்று விலை. 1964இல் ஒன்றும் இல்லாமல் ஒதுங்கியவர் 1967இல் இரண்டாம் நாற்காலியை வாங்கிக்கொண்டார். அதற்குள் மொரார்ஜி பெரிதாக வளர்ந்துவிடவில்லை, கட்சி இளைத்துவிட்டது. சீட் கேட்டு முறைத்துக்கொண்டு நிற்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் இந்தக் கணக்கு தெரியும். அலை அடிக்கும் தேர்தலில் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இழுபறித் தேர்தலில்தான் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கையெழுத்துப் போட வருவார்.

என்ன தரலாம், எது தரக் கூடாது என்பதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 123ஆவது பிரிவு, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை மட்டும் லஞ்சம் என்று சொல்லவில்லை. ஒருவரைப் போட்டியிடவோ, போட்டியிடாமல் இருக்கவோ, வாபஸ் வாங்கவோ வாங்காமல் இருக்கவோ தூண்டுவதற்காக வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ கொடுக்கும் எந்தப் பரிசும், தருவதாகச் சொல்லும் எந்த வாக்குறுதியும் லஞ்சம்தான். வாங்கினாலும் அதே குற்றம். பணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சம்பளம் வரும் வேலை வாங்கித் தருவதும் இதில் அடங்கும். நிரூபணமானால் ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகும். தனியாகக் கிரிமினல் வழக்கும் உண்டு; பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 171பி, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 170ஆவது பிரிவு. ஓராண்டு வரை சிறை.

‘இதுவரைக்கும் செலவு பண்ணினதையாவது கொடுங்க’ என்று கேட்பது நம் ஊரில் நியாயமான கோரிக்கையாகவே பார்க்கப்படுகிறது. சட்டத்தின் கண்ணில் அது வாபஸுக்கு விலை. கட்சிக்குள் பொறுப்பு கொடுப்பது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது போன்றவை அன்றாடம் நடக்கின்றன, வழக்காக வருவது அபூர்வம். யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, அதுதான் காரணம்.

ஊராட்சியில் இந்தக் கோடு முற்றிலும் அழிந்துபோவதை எங்கள் மாவட்டமே பார்த்திருக்கிறது. 2019 டிசம்பரில் பண்ருட்டிப் பக்கம் நடுக்குப்பம் ஊராட்சியில் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாக வந்த செய்தி மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. ஏலம் எடுத்தவரைத் தவிர மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், பணம் கோயிலுக்குப் போகும், ‘ஒருமனதாகத் தேர்வு’ என்று சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட ஏலம் பல மாவட்டங்களில் நடந்திருக்கிறது. கோயிலுக்குத்தானே என்று சமாதானம் சொல்வார்கள். ஓட்டுப் போடும் உரிமையை ஊரே சேர்ந்து விற்பதைக் கோயில் கணக்கில் எழுதினால் மட்டும் புண்ணியமாகிவிடாது.

வாபஸ் வாங்க முடிவு செய்தவர் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம். நோட்டீசை எழுதி, கையெழுத்திட்டு, தானே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அல்லது எழுத்து மூலம் அதிகாரம் பெற்ற முன்மொழிந்தவரோ தேர்தல் ஏஜெண்டோ கொடுக்கலாம். கொடுத்த பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற முடியாது. மூன்று மணி தாண்டி ஒரு நிமிஷம் ஆனாலும் பெயர் மெஷினில் இருக்கும். அதன் பிறகு மேடை ஏறி ‘நான் விலகிவிட்டேன், அண்ணனுக்கே ஓட்டுப் போடுங்கள்’ என்று சொல்வதெல்லாம் பேச்சுத்தான், சட்டப்படி அவர் வேட்பாளர். நேரத்துக்குள் வாபஸ் வாங்கியவருக்கு டெபாசிட் பணம் திரும்பக் கிடைக்கும்.

ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் இந்தக் கடிகாரம் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 2023 பிப்ரவரி. அதிமுக இரண்டாகக் கிடந்தது. எடப்பாடி பழனிசாமி தரப்பில் தென்னரசு, ஓ.பன்னீர்செல்வம் தரப்பில் செந்தில்முருகன். இரண்டு பேருக்கும் இரட்டை இலை கிடைக்காது, சின்னம் முடங்கலாம். பிப்ரவரி 3இல் உச்ச நீதிமன்றம், பொதுக்குழு உறுப்பினர்களிடம் கேட்டு வேட்பாளரை முடிவு செய்யச் சொல்லி ஒரு வழி காட்டியது. அதே நாளில் பாஜகவின் அண்ணாமலையும் சி.டி.ரவியும் இரண்டு தலைவர்களையும் போய்ப் பார்த்து, ஒரே வேட்பாளராக நிற்கச் சொன்னார்கள். சில நாளில் செந்தில்முருகன் விலகினார். சின்னத்தைக் காப்பாற்றுவதற்காக விலகுவதாகச் சொல்ல முடிந்தது. அந்த வாக்கியம் கிடைத்ததும் வேலை முடிந்தது. தேர்தலில் காங்கிரசின் ஈ.வெ.கி.ச.இளங்கோவன் 66,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.

இந்தச் சமாதானங்கள் எத்தனை நாள் தாங்குகின்றன? 1967இல் மொரார்ஜியோடு செய்தது 1969 ஜூலை வரை. நிதித் துறையை இந்திரா பறித்ததும் அவர் வெளியேறினார், கட்சி உடைந்தது. 2020 அக்டோபர் 7இல் பன்னீர்செல்வமே பழனிசாமியை முதல்வர் வேட்பாளர் என்று அறிவித்தார். பதிலுக்குப் பதினோரு பேர் வழிகாட்டுதல் குழு வந்தது. 2022 ஜூலை 11இல் பன்னீர்செல்வம் கட்சியை விட்டே நீக்கப்பட்டார். லண்டனிலும் இதே கதைதான். 1994இல் பிரிட்டிஷ் லேபர் கட்சித் தலைவர் ஜான் ஸ்மித் திடீரென இறந்ததும், டோனி பிளேரும் கோர்டன் பிரவுனும் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். மறுநாள் பிரவுன் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். பின்னால் பத்து வருஷம் நிதியமைச்சர். ஆனால் பிரதமர் பதவியைப் பிளேர் எப்போது விட்டுத் தருவதாக அன்று சொன்னார் என்பதில் இருவர் தரப்பும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. இலை போட்டுச் சாப்பிட்ட இடத்தில் எழுதி வாங்குவது அங்கேயும் வழக்கமில்லை போலிருக்கிறது.

எங்கள் ஊர் சம்பந்தப்பட்ட சமாதானம் ஒன்றும் சில ஆண்டு ஓடியது. 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த மாணவர்களில் இருவர் நாராயணசாமி, ராமையா. நெடுஞ்செழியன், அன்பழகன் என்று பெயரை மாற்றிக்கொண்டு திராவிட இயக்க மேடைக்குப் போனவர்கள். 1969 பிப்ரவரி 3இல் அண்ணா மறைந்ததும் நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வரானார். அமைச்சரவையில் அண்ணாவுக்கு அடுத்தவர் அவர்தான். தொடர்வார் என்று பலர் நினைத்தார்கள். எம்.எல்.ஏ.க்களின் ஆதரவைத் திரட்டியிருந்தவர் கருணாநிதி. எம்.ஜி.ஆரும் அவர் பக்கம். கட்சிக் கூட்டத்தில் இரண்டு பெயரும் முன்மொழியப்பட்டபோது, தான் போட்டியிடவில்லை என்று நெடுஞ்செழியன் சொல்லிவிட்டார். பிப்ரவரி 10இல் கருணாநிதி பதவியேற்றார்.

விலகிவிட்டார், ஆனால் ஆறவில்லை. முதலில் மந்திரிசபையில் சேர மறுத்தார். அதன்பின் சில மாதம் பேச்சு நடந்து, ஜூலையில் ஓர் ஏற்பாடு வந்தது. பெரியாருக்காக என்று அதுவரை காலியாக வைத்திருந்த தலைவர் பதவி கருணாநிதிக்கு, பொதுச்செயலாளர் பதவி நெடுஞ்செழியனுக்கு, பொருளாளர் எம்.ஜி.ஆர். பிறகு அமைச்சரவையிலும் நெடுஞ்செழியன் சேர்ந்தார். ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர் நின்றபோது இன்னொரு நாற்காலியை உண்டாக்கிப் போட்டார்கள். அது எட்டு ஆண்டு தாங்கியது. 1977இல் அவர் திமுகவை விட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டு, பின் அதிமுகவில் சேர்ந்தார்.

1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். இறந்தபோது தற்காலிக முதல்வராகப் பதவியேற்றவர் மறுபடியும் நெடுஞ்செழியன்தான். இந்த முறை யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. ஜானகி ஒரு பக்கம், ஜெயலலிதா ஒரு பக்கம். நெடுஞ்செழியன் ஜெயலலிதா பக்கம் நின்றார். ஜனவரி 7இல் முதல்வரான ஜானகியின் ஆட்சி அந்த மாதக் கடைசியிலேயே கலைக்கப்பட்டது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஜெயலலிதா அணியின் சேவல் சின்னத்துக்கு 27 இடம், ஜானகி அணியின் இரட்டைப் புறாவுக்கு 2. ஆண்டிப்பட்டியில் ஜானகியே தோற்றார். அதன் பிறகு அவர் ஒதுங்கிக்கொண்டார், இரண்டு அணியும் சேர்ந்தன, சின்னம் திரும்பக் கிடைத்தது. மார்ச்சில் மருங்காபுரியிலும் மதுரை கிழக்கிலும் நடந்த தேர்தல்களில் இரட்டை இலை ஜெயித்தது.